பாட்டி பெயரா, புதுப் பெயரா? பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் சென்னை வீடுகளுக்கு

‘பேத்தி’ என்பது ‘பெயர்த்தி’ என்ற சொல்லின் மருவல். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். உறவுச் சொல்லுக்குள்ளேயே பெயர் வைக்கும் வழக்கம் இருந்த மொழி இது. அதனால்தான் இன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. பெரியவர்கள் ‘விசாலாட்சி’ என்கிறார்கள். பெற்றவர்களின் போனில் ‘தன்விகா, ஆத்யா, யாழினி’ என்று ஒரு பட்டியல் ஐந்தாம் மாதத்திலிருந்தே காத்திருக்கிறது. பதினோராம் நாள் புண்ணியாசனத்துக்குள், அல்லது தொட்டில் போடுவதற்குள், முடிவு எடுத்தாக வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் இந்த விவாதம் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது. பழைய பெயர் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது, முதலில் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சரோஜா, வசந்தா, கமலா போன்ற பெயர்கள் ஒரு காலத்தில் இன்றைய தன்விகாவைப் போலவே புத்தம்புதுசாக இருந்தவை. சுமதி, கீதா, கவிதா அடுத்த அலை. பிரியா, திவ்யா, ஐஸ்வர்யா அதற்கடுத்தது. பிறகு ஹரிணி, தர்ஷினி, வர்ஷினி. பெயரைக் கேட்டதும் வயதைச் சொல்லிவிடலாம், அதுதான் ஃபேஷன் பெயரின் அடையாளம். மீனாட்சி, மாதவி, கோதை, அபிராமி இந்தக் கணக்கில் வராது. மீனாட்சி எழுபது வயதிலும் இருப்பார், ஏழு வயதிலும் இருப்பாள். ஆகவே பாட்டி பெயர் எல்லாமே காலத்தைக் கடந்த பெயர் இல்லை. சில, பாட்டி காலத்து ஃபேஷன். அதை வைப்பதானால் பாட்டியின் மேல் உள்ள அன்புக்காக வைக்கலாம், அது போதுமான காரணம். பழமைக்காக என்று சொல்லி வைக்க வேண்டியதில்லை.

மரபு என்ற பெயரில் தொடரக் கூடாதவையும் உண்டு. மூன்றாவது, நான்காவது பெண்ணாகப் பிறந்தவளுக்கு ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்று வைத்த வழக்கம் அப்படிப்பட்டது. ஒரு குழந்தை பள்ளியில் தினமும் தன் பெயராகக் கேட்கக் கூடாத சொற்கள் அவை.

வாயில் நிற்கிறதா

பெயர் முதலில் வாழ்வது வாயில்தான். நீளமான பழைய பெயர்களைத் தமிழ் வீடுகள் ஒருபோதும் முழுசாகக் கூப்பிட்டதில்லை. விசாலாட்சி சாலா ஆனாள், காமாட்சி காமு ஆனாள், சரஸ்வதி சரசு, பார்வதி பாரு, லட்சுமி லச்சு. ‘இவ்வளவு நீளமாகவா?’ என்று தயங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான்கைந்து எழுத்துப் பெயர் சான்றிதழில் இருக்கும், இரண்டெழுத்துதான் வீட்டில் ஓடும். அபிராமியை ‘அபி’ என்று கூப்பிட்டால் அது இன்றைய பெயர்தான்.

பாட்டி பெயரை வைப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. குழந்தைக்கு ‘ராஜேஸ்வரி’ என்று வைத்துவிட்டு, அம்மா அவளை ‘பாப்பா’ என்றும் அத்தை ‘அம்மு’ என்றும்தான் அழைப்பார்கள். குழந்தையைத் திட்டக்கூட அந்தப் பெயர் வாயில் வராது. எல்.கே.ஜி.யில் டீச்சர் ராஜேஸ்வரி என்று கூப்பிடும்போது குழந்தை திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் அது தன் பெயர் என்றே அதற்குப் பழகவில்லை. பாட்டி பெயர் வைப்பதானால், அதைச் சுருக்கி எல்லோரும் கூப்பிடக்கூடிய ஒரு பெயரை அன்றே முடிவு செய்துவிட வேண்டும். ராஜேஸ்வரியை ‘ராஜி’ என்றால் மருமகளுக்கும் கூச்சமில்லை, குழந்தைக்கும் குழப்பமில்லை.

புதுப் பெயர்களில் வாய்க்கு வரும் சோதனை வேறு. இப்போது தமிழ்ப் பெயர் வேண்டும் என்று விரும்பும் இளம் பெற்றோர் அதிகம் தேர்ந்தெடுப்பவை யாழினி, மகிழினி, குழலினி, கயல்விழி. எல்லாவற்றிலும் ‘ழ’. நம் மொழியின் சிறப்பெழுத்துதான், ஆனால் சென்னைப் பேச்சில் அது எப்படி ஆகிறது என்று நமக்குத் தெரியும். வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகும் ஊரில் யாழினி ‘யாளினி’ ஆவாள், மகிழினி ‘மகிளினி’ ஆவாள். வட சென்னையில் சில வாய்களில் அந்த ழ ‘ய’வாகவும் மாறும். ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’ என்று எழுதினால், தமிழ் தெரியாதவர் அதை ‘யாஸ்ஹினி’ என்பார். இதனால் ழ வரும் பெயரே கூடாது என்பதில்லை. வைத்தால், குழந்தை வாழ்நாள் முழுக்கத் தன் பெயரைத் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு வையுங்கள். அதற்குத் தயங்கினால், ழ இல்லாத நல்ல தமிழ்ப் பெயர்கள் நிறைய இருக்கின்றன: நிலா, கயல், வானதி, தாமரை, பொன்னி, இனியா, ஓவியா, வெண்பா.

ஒரு எளிய சோதனை: பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள். மாடியிலிருந்து தெருவில் விளையாடும் குழந்தையைக் கத்திக் கூப்பிடுவது போல ஒரு தடவை. கிளினிக்கில் நர்ஸ் டோக்கன் எண்ணோடு சேர்த்து வாசிப்பது போல ஒரு தடவை. கல்யாணப் பத்திரிகையில் ‘செல்வி’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு தடவை. முதலாவதில் நீளமான பெயர் திணறும். மூன்றாவதில் செல்லப் பெயர் போன்ற புதுப் பெயர்கள் திணறும். மூன்றிலும் தப்பிக்கும் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

தமிழில் எழுதினால் என்ன ஆகிறது

புதுப் பெயர்களின் ஒலி ஏன் ஒன்றுபோலவே இருக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். ‘-இகா’, ‘-ஷா’, ‘-யா’ என்று முடிகின்றன. தன்ஷிகா, யஷ்விகா, லிதிக்ஷா என்று முன்பகுதியும் பின்பகுதியும் ஒட்டுப்போட்டு உருவானவை பல. தமிழ் அகராதியிலும் கிடைக்காது, சமஸ்கிருத அகராதியிலும் கிடைக்காது. ஆனால் இணையத்தில் எந்தப் பெயரைத் தேடினாலும் ‘அழகானவள்’, ‘லட்சுமி தேவி’, ‘வெற்றி பெறுபவள்’ என்று ஏதாவது ஒரு பொருள் போட்டிருக்கும். அந்தப் பட்டியல்களை நம்பாதீர்கள். பொருள் முக்கியம் என்றால் மூலச் சொல்லைக் கண்டுபிடியுங்கள். மூலச் சொல்லே தெரியவில்லை என்றால் அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஒலிக்காக மட்டும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரிபார்க்காமல் வைத்தால் வரும் விபரீதங்களும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கும் ‘ருஜா’ சமஸ்கிருதத்தில் நோய், வலி என்று பொருள்படும். ‘அனாமிகா’ என்றால் பெயரில்லாதவள்; மோதிர விரலுக்கும் அதே பெயர்தான். இரண்டாவதைத் தெரிந்தே விரும்பி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. தெரியாமல் வைத்துவிட்டுக் குழந்தை பெரியவளாகி வந்து கேட்கும்போது விழிப்பதுதான் வருத்தம்.

தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்த புதுப் பெயர்களிலும் இப்போது ஒரு தேய்மானம் நடக்கிறது. முத்துக்கு நித்திலம் என்று பெயர். அதிலிருந்து நித்திலா வரும். ஆங்கிலத்தில் ஒற்றை ‘டி’ போட்டு எழுதி, அதைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்து ‘நிதிலா’ என்று எழுதுகிறார்கள். அந்த ஒரு ‘த்’ போனதும் முத்தும் போய்விட்டது. இதே போல ‘ஆதிரா’. திருவாதிரை நட்சத்திரத்தின் பெயர் ஆதிரை. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. சாதுவன் மனைவி, கற்புக்கும் ஈகைக்கும் பெயர் பெற்றவள். ‘ஐ’யில் முடிந்தால் பழசாகத் தெரிகிறது என்று ‘ஆ’வில் முடிக்கிறார்கள். ஆனால் ஆதிரை என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள்: மூன்றே எழுத்து, கிரந்தம் இல்லை, ழ இல்லை, பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஃபேஷன் பெயருக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது, கூடவே வேரும் இருக்கிறது. குறை ஒன்றுதான்: ‘ரை’யை ஆங்கிலத்தில் ‘ஏ-ஐ’ போட்டு எழுதினால் வெளியூர்க்காரர்கள் ‘ஆதிரே’ என்பார்கள். அது சின்னக் குறை.

தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கிய பிறகும், பின்னர் திராவிட இயக்கக் காலத்திலும் வந்த பெயர்களையும் இங்கே நினைக்க வேண்டும். தமிழ்ச்செல்வி, தேன்மொழி, மலர்விழி, பூங்கோதை, கனிமொழி. அன்று அவை புரட்சிப் பெயர்கள், முழுக்கப் புதியவை. இன்று அவையே மரபுப் பெயர்களாகிவிட்டன. புதுப் பெயர் வேரோடு வந்தால் நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கோயில் பெயர் வைக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னையே ஒரு களஞ்சியம். மயிலாப்பூரில் கற்பகாம்பாள், திருவொற்றியூரில் வடிவுடையம்மன், திருவல்லிக்கேணியில் வேதவல்லித் தாயார், திருவான்மியூரில் திரிபுரசுந்தரி. கற்பகம், வடிவு, வேதா, சுந்தரி என்று நான்குமே சுருங்கும். இவற்றில் ‘வேதா’ இன்றைய பட்டியல்களிலும் இருக்கிறது. பாட்டிக்கு வேதவல்லி, பேத்திக்கு வேதா என்றால் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிடும். மயிலாப்பூரிலேயே கோலவிழி அம்மன் இருக்கிறாள். ‘கோலவிழி’ என்ற பெயரை யாரும் கவனிப்பதில்லை என்பது எங்களுக்கு நெடுநாள் ஆதங்கம். ழ இருக்கிறது, உண்மைதான். ஆனால் ‘கோலா’ என்று சுருக்கிவிடாதீர்கள், பள்ளியில் குளிர்பானம் ஆகிவிடும்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று என்று ஏற்கெனவே வழி இருக்கிறது. இஸ்லாமியக் குடும்பங்களில் பாத்திமா, ஆயிஷா போன்றவை எந்தக் காலத்திலும் பழசானதில்லை. அங்கே விவாதம் பெயரில் இருப்பதைவிட ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் அதிகம் இருக்கிறது.

நட்சத்திர எழுத்து

பல வீடுகளில் ஃபேஷன் பெயரை நோக்கித் தள்ளுவது ஆசை இல்லை, பஞ்சாங்கம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. பரணியில் பிறந்தால் லி, லு, லே, லோ. சுவாதி என்றால் ரு, ரே, ரோ, த. பூரம் என்றால் மோ, ட, டி, டு. ஆயில்யம் முழுக்க ட வரிசை. தமிழ் இலக்கணப்படி ர, ல, ட ஆகியவற்றில் சொல் தொடங்காது. ஆகவே இந்த எழுத்துகளில் தூய தமிழ்ப் பெயர் தேடினால் கிடைக்காமல் போய், ‘லிதிக்ஷா’விலும் ‘ரித்விகா’விலும் போய் நிற்கிறார்கள்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, அதே எழுத்தில் நின்று நிலைத்த பழைய பெயரை எடுப்பது. சுவாதிக் குழந்தைக்கு ருக்மணி, ரேவதி, ரேணுகா, ரோகிணி. 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர் ருக்மிணி தேவி. அந்தப் பெயருக்குச் சென்னையில் தனி மதிப்பு உண்டு. பரணிக் குழந்தைக்கு லீலாவதி இருக்கிறது. ‘லீலா’ என்று சுருக்கினால் எந்த ஊரிலும் செல்லும். இரண்டாவது வழி, ஜாதகப் பெயரையும் கூப்பிடும் பெயரையும் பிரிப்பது. நாமகரணத்தின்போது குழந்தையின் காதில் நட்சத்திர எழுத்துப் பெயரைச் சொல்லிவிட்டு, சான்றிதழில் வேறு பெயர் எழுதுகிற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. ட வரிசை வந்தவர்களுக்கு இதுதான் நிம்மதி.

காகிதத்தில்

பழசோ புதுசோ, பெயர் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான். ‘தர்ஷினி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டோர்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் ஒருவர் தொடங்குவார், அதோடு எச் சேர்த்து இன்னொருவர், ‘டேபிள்’ என்ற சொல்லின் முதலெழுத்தோடு எச் சேர்த்து மூன்றாமவர். தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் மூன்று. தடுப்பூசி அட்டையில் ஒன்று, பள்ளி விண்ணப்பத்தில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று பிரிந்துவிட்டால் பின்னால் ஒட்டவைப்பது பெரும் பாடு. ‘ஸ்ரீ’ ஒட்டும் பெயர்களில் இன்னும் மோசம்: அந்த ஒரு எழுத்துக்கு நான்கு விதக் கூட்டல், அதோடு ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற கேள்வி. மீனாட்சி, லட்சுமி போன்ற பழைய பெயர்களிலும் ‘க்ஷ’ இடத்தில் கே-எஸ்-எச் போடுவதா எக்ஸ் போடுவதா என்று பிரிவு உண்டு. நிலா, கயல், மாலா, உமா, தாரா போன்ற சின்னப் பெயர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

இது இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, அன்று முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் என்ன எழுத்துக்கூட்டலோ அதுவே தலையெழுத்து. ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி.

அவசரப்படவும் தேவையில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அதை ஆஸ்பத்திரியே மாநகராட்சிக்கு அனுப்பிவிடும். பெயர் இல்லாமலே அந்தப் பதிவு நடக்கும். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை சேர்த்த பெயரை மாற்றுவது எளிதில்லை. அரசிதழில் வெளியிட வேண்டிய நிலைக்குப் போய்விடும். ஆகவே ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் அன்று பாரத்தை நீட்டும்போது, முடிவாகாத பெயரை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, மூன்று மாதம் அந்தப் பெயரால் குழந்தையைக் கூப்பிட்டுப் பார்த்து, வாய்க்குப் பழகிய பிறகு சேர்ப்பது நல்லது.

எண் கணிதம் பார்க்கிறவர்கள் அதை இந்த இடைவெளியிலேயே பார்த்து முடிக்க வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகு கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் ஒவ்வோர் ஆவணமும் தனித்தனியாக நிற்கும். ஃபேஷன் பெயர்களில் இந்தக் கூடுதல் எழுத்துகள் அதிகம் சேர்வதற்குக் காரணம், அந்தப் பெயர்களுக்கு நிலைத்த எழுத்துக்கூட்டல் இல்லாததே.

இனிஷியலையும் இப்போதே யோசியுங்கள். தமிழில் இனிஷியல் எழுத 2021 டிசம்பரில் அரசாணை வந்திருக்கிறது, பள்ளியில் ‘மு. ஆதிரை’ என்று எழுதலாம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அப்போது குழந்தை பெயருக்குப் பின்னால் அப்பா அல்லது அம்மா பெயர் முழுசாக வந்து நிற்கும். ஒற்றைப் பெயரோடு விட்டாலும் சிக்கல்தான்: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அப்பா பெயர் ‘பாலசுப்பிரமணியன்’ என்றால் ‘திரிபுரசுந்தரி பாலசுப்பிரமணியன்’ எந்தப் பாரத்தின் கட்டத்திலும் சிரமப்படும். அங்கே ‘சுந்தரி’யோ ‘நிலா’வோ போதும். அப்பா பெயர் ‘ரவி’ என்றால் விசாலாட்சி தாராளமாக அமரும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் எங்கள் சாய்வு தெளிவானது: வேருள்ள பழைய பெயரின் குறுகிய வடிவம், அதையே சான்றிதழில். கற்பகம், வேதா, மாதவி, ஆதிரை, கோதை, நித்திலா, வானதி. ஒட்டுப்போட்ட ‘-ஷிகா’ பெயர்களைவிட யாழினியை நூறு மடங்கு ஏற்கலாம், ழ-வைச் சொல்லித்தர அம்மாவும் அப்பாவும் தயாராக இருந்தால். வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்து ‘எஸ். யாழினி’, ‘ஆர். யாழினி’ என்று பிரிக்க நேர்ந்தாலும் அது பெரிய குறை இல்லை. பாட்டி உயிரோடு இருந்து ஆசைப்பட்டுக் கேட்டால், அந்தப் பெயர் எந்தக் காலத்து ஃபேஷனாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். கூப்பிடும் பெயரை மட்டும் உங்கள் விருப்பப்படி வையுங்கள்.

முடிவானதும் ஒரு வெள்ளைத் தாளில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி அலுவலகத்தில் வாயால் சொல்லாதீர்கள், அந்தத் தாளைக் கொடுங்கள். சான்றிதழ் வந்ததும் தமிழ்ப் பகுதியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ‘நித்திலா’வில் அந்த ‘த்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் மையத்தில் ஆங்கிலத்தைத் தட்டியதும் கணினி தானாகவே தமிழைப் போடும், அது தப்பாகத்தான் வரும் பல நேரம். உறுதி செய்வதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லித் திருத்திவிட்டு வாருங்கள்.